நடிகர் பால் ராப்ஸன்

நாடகாசிரியன் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவதும், டைரக்டர் காட்டிய இடத்தில் நிற்பதுமே நடிகனுடைய தொழில் என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த வசனம் யாரைப் புகழ்கிறது, யாரை இழிவுபடுத்துகிறது என்று ஆராய்வது அவனுடைய வேலையல்ல என்று சொல்லுவோரும் உண்டு. சாதாரண நடிகனுக்கு இந்தச் சமாதானம் போதுமானதாக இருக்கலாம். ஆனால், மேடையில் நிற்கும் ஒருவனைப் பார்த்து அவனுடைய இனம் முழுவதையும் எடை போடும் வழக்கமுள்ள ஒரு தேசத்தில், அந்த இனத்தில் பிறந்த நடிகன் என்ன செய்வான்? அமெரிக்காவின் கறுப்பு இனத்தில் தோன்றி, நாடகத்திலும் சினிமாவிலும் சங்கீதத்திலும் உலகப் பிரசித்தி அடைந்த பால் ராப்ஸன், தம் தொழிலின் முற்பாதி முழுவதும் இந்தக் கேள்வியோடு போராடினார். விடை அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அதற்காக அவர் கொடுத்த விலையும் அற்பமானதல்ல.

ராப்ஸன் 1898-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி நியூஜெர்ஸி மாகாணத்தில் பிரின்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்ஸன், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதளவில் எஜமானனுடைய தோட்டத்திலிருந்து தப்பியோடி, வடக்கே வந்து, கல்வி கற்று, பாதிரியாரானவர். பிரின்ஸ்டனில் இருபது வருஷங்களுக்கு மேலாகக் கறுப்பர்களின் சர்ச் ஒன்றை நடத்திவந்த அவர், 1901-இல் அப்பதவியை இழந்தார். அதன் பிறகு வண்டி ஓட்டியும், வீடுகளில் சேரும் சாம்பலை அள்ளிச் சென்றும் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1904-இல் வீட்டு அடுப்புத் தீ ஆடையில் பற்றித் தாயார் மரியா லூயிஸா இறந்தபோது, கடைசிக் குழந்தையாகிய பாலுக்கு வயது ஆறுகூட நிரம்பவில்லை. வறுமையிலும் தந்தை ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மகனுடைய வார்த்தைகள் ஒவ்வொன்றும் திருத்தமாகவும் கணீரென்றும் ஒலிக்க வேண்டும் என்று தினந்தோறும் அவனைப் பேசவைத்துப் பழக்கினார். பின்னாளில், 1944-இல், அமெரிக்க நாடக மேடையின் சிறந்த உச்சரிப்புக்கான தங்கப் பதக்கம் ராப்ஸனுக்குக் கிடைத்ததென்றால், அதில் பாதி அந்த முன்னாள் அடிமைக்குச் சேர வேண்டியதே.

1915-இல் போட்டிப் பரீட்சையில் தேறி உபகாரச் சம்பளம் பெற்று, ரட்கர்ஸ் கலாசாலையில் சேர்ந்தார். அப்போது அங்கே வேறு கறுப்பு மாணவர் ஒருவரும் இல்லை. கால்பந்துக் கோஷ்டியில் சேர அவர் சென்ற முதல் நாளிலேயே சக மாணவர்கள் அவருடைய மூக்கை உடைத்தனர். பின்னொரு நாள் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1917, 1918 ஆகிய இரு வருஷங்களிலும் தேசம் முழுவதற்குமாகப் பொறுக்கி எடுக்கப்படும் கோஷ்டியில் அவருடைய பெயர் இடம் பெற்றது. 1916-இல் தெற்கத்திக் கலாசாலை ஒன்று கறுப்பரோடு விளையாட மாட்டோம் என்று மறுத்தபோது, சொந்தக் கலாசாலையே அவரை வெளியே உட்காரவைத்தது. 1919-இல் தம் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழாவில் பேசும் கௌரவமும் அவருக்கே கிடைத்தது.

பிறகு கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் படித்தார். செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்குக் கால்பந்து ஆடினார். 1921-இல் எஸ்லாண்டா குட் என்னும் மாதரசியை மணந்தார். 1923-இல் சட்டப் பட்டமும் பெற்றார். நியூயார்க்கில் ஒரு வக்கீல் ஸ்தாபனத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கிருந்த வெள்ளைக்காரச் சுருக்கெழுத்துக் குமாஸ்தா, கறுப்பன் சொல்லித் தான் எழுத முடியாதென்று மறுத்துவிட்டாள். ராப்ஸன் வழக்குத் தொடுக்கவுமில்லை, வாதாடவுமில்லை. அத்தொழிலையே விட்டு வெளியேறினார். நீதிமன்றம் இழந்த குரல் நாடக மேடைக்கு வந்து சேர்ந்தது.

அந்நாளில் யூஜீன் ஓநீல் அமெரிக்க நாடகாசிரியர்களுள் முதன்மை பெற்று வந்தவர். அவர் எழுதிய ‘எம்பரர் ஜோன்ஸ்’ என்னும் நாடகத்தில் 1920-இல் கதாநாயகனாக நடித்துப் பெரும் புகழ் பெற்றவர் சார்லஸ் கில்பின் என்ற கறுப்பு நடிகர். கறுப்பர்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்று அந்நாடகத்தின் வசனத்தில் திரும்பத் திரும்ப வருவது. கில்பினுக்கு அதை உச்சரிக்க மனம் ஒப்பவில்லை. மேடையில் அதை நீக்கி வேறு சொற்களைப் போட்டுப் பேசலானார். ஓநீலுக்குக் கோபம் வந்தது. 1924-இல் நாடகத்தை மீண்டும் அரங்கேற்றியபோதும், 1925-இல் லண்டனுக்குக் கொண்டுசென்றபோதும், அந்த வேஷம் கில்பினுக்குக் கொடுக்கப்படவில்லை. இளைஞர் ராப்ஸனுக்குக் கொடுக்கப்பட்டது. ராப்ஸன் எழுதியதை எழுதியவாறே பேசினார். இதை இங்கே குறிப்பிடுவது அவரைக் குறை கூறுவதற்காக அல்ல. அவருடைய பிற்காலச் செய்கைகளை அறிவதற்கு, அவர் எங்கே தொடங்கினார் என்பதையும் அறிய வேண்டியிருக்கிறது.

அதே 1924-இல் ஓநீலின் மற்றொரு நாடகத்திலும் அவர் நடித்தார். அதில் அவர் கறுப்புச் சட்ட மாணவர்; வெள்ளைப் பெண்ணொருத்தியை மணக்கிறார். கதையின் முடிவில் மனைவியாக நடிக்கும் வெள்ளை நடிகை அவருடைய கையை முத்தமிட வேண்டும். இச்செய்தி வெளியானதும் பத்திரிகைகள் கூச்சலிட்டன; பயமுறுத்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. முதற்காட்சியில் குழந்தைகள் நடிப்பதற்கு நகரசபை அதிகாரிகள் அனுமதி மறுத்துவிட்டபடியால், அந்தக் காட்சியைப் படித்துக் காட்டிவிட்டு நாடகத்தைத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த கலகம் ஒன்றும் நிகழவில்லை.

1925 ஏப்ரலில், லாரன்ஸ் பிரௌன் என்னும் பியானோ வித்துவானுடன் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு கச்சேரி செய்தார். அடிமைகளாக இருந்த முன்னோர்கள் வயலிலும் சர்ச்சிலும் பாடிவந்த பக்திப் பாடல்கள் அக்கச்சேரியில் முக்கிய இடம் பெற்றன. ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள மனிதர், ஆழ்ந்த அந்தக் குரலில், ஆர்ப்பாட்டம் எதுவும் இன்றிப் பாடினார். அன்று முதல் அவருடைய சங்கீதத்துக்குக் குறைவே ஏற்படவில்லை. 1928-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ‘ஷோ போட்’ நாடகத்தில் அவர் பாடிய ‘ஓல் மேன் ரிவர்’ என்னும் பாட்டு, அவருடைய பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. மிஸிஸிப்பி நதியைப் பார்த்து, உழைத்து ஓய்ந்த கறுப்புத் தொழிலாளி பாடும் பாட்டு அது.

லண்டன் அவரை வரவேற்றது. எனினும் அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. 1929-இல் பிரசித்தி பெற்ற ஸவாய் ஹோட்டலின் போஜனசாலையில், நிறத்தைக் காரணமாகக் காட்டி அவருக்கு உணவு பரிமாற மறுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மே மாதத்தில், அந்த ஹோட்டலை ஒட்டியுள்ள ஸவாய் நாடக அரங்கில் அவர் ஒதெல்லோவாக நடித்தார். டெஸ்டிமோனாவாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். நூறு வருஷங்களுக்கு முன் அதே லண்டனில் ஒதெல்லோவாக நடித்த ஐரா ஆல்டிரிட்ஜ் என்னும் அமெரிக்கக் கறுப்பு நடிகரின் மகள் அமாண்டா, இந்த வேஷத்துக்காக ராப்ஸனுக்குக் குரற்பயிற்சி அளித்தார். கரகோஷத்துக்குக் குறைவில்லை. ஆயினும் வெள்ளை நடிகையை அவர் மேடையில் தொட்டு நடிக்கும் இந்நாடகத்தை அமெரிக்காவில் நடத்துவதற்கு, மேலும் பன்னிரண்டு வருஷங்கள் வரையில் எவருக்கும் தைரியம் வரவில்லை.

இனி சினிமாவுக்கு வருவோம். 1925-இலேயே ஆஸ்கர் மிஷோ என்னும் கறுப்பு டைரக்டரின் ஊமைப் படத்தில் அவர் இரட்டை வேஷம் போட்டிருந்தார். 1933-இல் ‘எம்பரர் ஜோன்ஸ்’ பேசும் படமாயிற்று. ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிய படம், 1935-இல் இங்கிலாந்தில் கோர்டா சகோதரர்கள் தயாரித்த ‘ஸாண்டர்ஸ் ஆப் தி ரிவர்’ என்பதாகும். அச்சமயம் ராப்ஸன் லண்டனில் ஆப்பிரிக்க பாஷைகளைக் கற்றுக்கொண்டிருந்தார். தம் முன்னோர்களின் கண்டம் காட்டுமிராண்டிகளின் கண்டம் அல்ல, பழமையான நாகரிகமுடையது என்பதை நூல்களில் கண்டு பூரித்துப்போயிருந்தார். ஆப்பிரிக்காவிற்கே சென்று ஸோல்டான் கோர்டா எடுத்து வந்த நடனங்களையும், பதிவு செய்து வந்த பாடல்களையும் கேட்டதும், உலகம் முதல் தடவையாக உண்மையான ஆப்பிரிக்காவைப் பார்க்கப்போகிறது என்று நம்பினார். பொஸாம்போ என்னும் தலைவனாக நடிக்கச் சம்மதித்தார்.

படம் வெளிவந்தது. அது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்குப் பாடிய மங்களமாக இருந்தது. அரசரின் அமைதியை ஆப்பிரிக்காவில் நிலைநாட்டும் ஒரு சில வெள்ளை அதிகாரிகளுக்குத் துதியாகவே அது தொடங்கியது. ஸாண்டர்ஸ் என்ற வெள்ளைக் கமிஷனர் இருக்கும்வரையில் கறுப்பர்கள் சாதுக்கள். அவர் விடுமுறையில் போனால் ரத்தக்களரி. திரும்பி வந்தால் மறுபடியும் சாந்தி. சிறுத்தைத் தோலை உடுத்தி, அந்தக் கமிஷனரைப் புகழ்ந்து பாடும் பாட்டு ராப்ஸனுடைய குரலிலேயே ஒலித்தது. அதே படத்தில் சிறு வேஷம் போட்ட மற்றொருவர் ஜோமோ கென்யாட்டா. பின்னாளில் சுதந்திர கென்யாவின் முதல் ஜனாதிபதியானவர்.

தாம் நடித்து முடித்த பிறகு காட்சிகளைச் சேர்த்தும் வெட்டி ஒட்டியும் படத்தின் போக்கையே மாற்றிவிட்டார்கள் என்று ராப்ஸன் குறைப்பட்டார். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் இந்தச் சமாதானத்தை முற்றிலும் ஒப்புக்கொள்வது கடினம். எட்கார் வாலஸ் எழுதிய மூலக்கதைகளே வெள்ளைக் கமிஷனரின் மகிமையைச் சொல்ல எழுதப்பட்டவை. கதை இன்னதென்று தெரிந்தே அவர் உள்ளே போனார். ஆப்பிரிக்க நடனங்களும் பாடல்களும் கதையின் விஷத்தை முறித்துவிடும் என்று எண்ணியது அவருடைய பிழை. அந்நிய ஆட்சிக்குட்பட்ட தேசங்களில் நல்லெண்ணத்தோடு சர்க்கார் உத்தியோகம் ஏற்ற எத்தனையோ பேர் செய்த பிழையும் இதுதான். இவரை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது, செய்த பிழையை அவர் மறைக்காமல், அப்படத்தைப் பகிரங்கமாக நிராகரித்ததாகும்.

இதன் பிறகு அவர் எச்சரிக்கையானார். 1936-இல் ‘ஸாங் ஆப் ஃப்ரீடம்’ படத்துக்கு ஒப்பந்தம் செய்தபோது, படத்தின் கடைசி உருவத்துக்குத் தமது சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையைப் பெற்றார். அந்நாளில் வெள்ளை நட்சத்திரங்களுக்கே அரிதான உரிமை அது. அவருக்கு மிகவும் பிடித்த படம் 1940-இல் வெளிவந்த ‘தி ப்ரௌட் வேலி’. வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை தேடி வரும் ஒரு கறுப்புத் தொழிலாளி, அங்குள்ளவர்களின் பாடகர் குழுவில் ஒருவனாகி, கடைசியில் அவர்களைக் காப்பாற்றச் சுரங்கத்திலேயே உயிர் விடுகிறான். 1942-இல் ஹாலிவுட்டின் ‘டேல்ஸ் ஆப் மான்ஹாட்டன்’ படத்தில் மறுபடியும் ஏமாந்தார். வானத்திலிருந்து பணம் விழக் கண்டு துதி பாடும் பாமரக் குடியானவர்களாகக் கறுப்பர்கள் அதில் காட்டப்பட்டிருந்தார்கள். படத்தை எதிர்த்து மறியல் செய்வோரோடு தாமும் சேரத் தயார் என்று அறிவித்துவிட்டு, ஹாலிவுட்டுக்கு முழுக்குப் போட்டார்.

லண்டனில் கழிந்த வருஷங்கள் அவரை வேறு வகையிலும் மாற்றின. வேலையிழந்து வேல்ஸிலிருந்து பாடிக்கொண்டே நடந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களைத் தெருவில் கண்டு, அவர்களோடு நடந்தார். அந்தச் சிநேகம் ஆயுள் முழுவதும் நீடித்தது. 1938 ஜனவரியில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, பாஸிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய வீரர்களுக்காகப் பாடினார். அவ்வருஷமே லண்டனில் ஜவாஹர்லால் நேருவுக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் இந்திய சுதந்திரத்தை ஆதரித்துப் பேசினார். நேரு குடும்பத்துக்கும் ராப்ஸன் தம்பதிகளுக்கும் ஏற்பட்ட நட்பு அக்காலத்தியது. 1943-இல் விஜயலக்ஷ்மி பண்டிட்டின் புதல்விகள் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றபோது ராப்ஸன் குடும்பத்தார் அவர்களை ஆதரித்தார்கள்.

இக்காலத்தில்தான் ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டும் மாறியது. முதலில் எழுதியிருந்த இழிசொற்களை அவர் நீக்கினார். வாழவும் சலிப்பு, சாகவும் பயம் என்று சோர்ந்து முடியும் அடிகளை, மூச்சுள்ளவரை போராடுவேன் என்னும் பொருள் வரும்படி மாற்றிப் பாடினார். பாட்டை எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனுக்கு இது பிடிக்கவில்லை. கில்பின் செய்த குற்றத்தை, அவருடைய இடத்துக்கு வந்த ராப்ஸனும் செய்துவிட்டார்! நியூயார்க்கில் படிக்கச் சென்ற அஸ்ஸாமியக் கவிஞர் பூபேன் ஹஸாரிகா அவரைச் சந்தித்துத் திரும்பிய பின், இப்பாட்டின் தூண்டுதலால் தம் நாட்டு நதியை விளித்துத் தம் பாஷையில் பாடிய பாட்டு இந்தியாவெங்கும் பரவியது.

1943 அக்டோபர் 19-ந் தேதி நியூயார்க் ஷூபர்ட் அரங்கில் ஒதெல்லோ அரங்கேறியது. மார்கரெட் வெப்ஸ்டர் என்னும் மாதரசி டைரக்டர். இயாகோவாக ஹோஸே ஃபெரரும், டெஸ்டிமோனாவாக ஊட்டா ஹாகனும் நடித்தனர். பிராட்வேயில் வெள்ளை நடிகர்களிடையே கறுப்பர் ஒருவர் ஒதெல்லோவாக நின்றது அதுவே முதல் தடவை. மொத்தம் 296 தடவைகள் நடந்த அந்த நாடகம், பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் அதுவரை எதுவும் எட்டாத எண்ணிக்கையை எட்டியது. பிறகு ஊர் ஊராகச் சென்றபோது, கறுப்பர்களைத் தனியே உட்காரவைக்கும் அரங்குகளில் நடிக்க அவர் மறுத்தார். வேஷத்தைத் தேர்ந்தெடுப்பதோடு சபையையும் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

யுத்தம் முடிந்தது. யுத்த களத்திலிருந்து திரும்பிய கறுப்புச் சிப்பாய்கள் தெற்கு மாகாணங்களில் கும்பல்களால் கொல்லப்பட்டனர். 1946 செப்டம்பரில் ராப்ஸன் ஒரு தூதுக்குழுவுடன் ஜனாதிபதி ட்ரூமனைக் கண்டு, இக்கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று கேட்டார். ட்ரூமன் காலம் சரியில்லை என்று கை விரித்தார். 1949 ஏப்ரலில் பாரிஸ் சமாதான மகாநாட்டில் அவர் பேசிய பேச்சை, அமெரிக்கக் கறுப்பர்கள் ரஷ்யாவோடு யுத்தம் செய்ய மாட்டார்கள் என்று அவர் முழங்கியதாகச் செய்தி ஸ்தாபனம் திரித்து அனுப்பியது. தேசத் துரோகி என்ற பட்டம் சூட்டப்பட்டது. பேஸ்பால் ஆட்டத்தில் கறுப்பர்களைச் சேர்க்க வேண்டுமென்று 1943-இல் அதன் முதலாளிகளிடம் நேரில் வாதாடியவர் ராப்ஸன். அவ்விதம் பின்னர் சேர்க்கப்பட்ட ஜாக்கி ராபின்ஸனையே பார்லிமெண்டரி கமிட்டியின் முன் அழைத்து, ராப்ஸனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவைத்தார்கள். செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் பீக்ஸ்கில் அருகே அவர் பாடி முடித்ததும், வீடு திரும்பிய ஜனங்களின் பஸ்கள்மீது கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். போலீஸார் வேடிக்கை பார்த்தனர்.

ராப்ஸனைப் புகழ்பவர்கள் பலர் விட்டுவிடும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1934 முதலே சோவியத் ரஷ்யாவின்மீது அவருக்கு அளவற்ற பற்று. நிறத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காத தேசத்தை முதன்முதலாக அங்கே கண்டதாக அவர் நம்பினார். 1949 ஜூனில் மாஸ்கோ சென்றிருந்தபோது, தம் நண்பராகிய யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரைப் பார்க்க வேண்டுமென்று வற்புறுத்தினார். சிறையிலிருந்த ஃபெஃபரைச் சுத்தமாக உடுத்தி ஹோட்டலுக்கு அழைத்து வந்தார்கள். யூத எழுத்தாளர்களுக்கு நேர்ந்துகொண்டிருந்த கதியை, ஒட்டுக் கேட்பவர்களுக்குத் தெரியாதவாறு சைகையினாலேயே ஃபெஃபர் உணர்த்தினார் என்று ராப்ஸனுடைய மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அன்றைய கச்சேரியில் வார்ஸா நகர யூதர்கள் நாஜிகளை எதிர்த்த கிளர்ச்சியின் பாட்டை ராப்ஸன் பாடினார். ஆனால் அமெரிக்கா திரும்பியதும், ரஷ்யாவில் யூத வெறுப்பைத் தாம் காணவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் கூறினார். ஃபெஃபர் 1952 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வருஷமே ராப்ஸனுக்கு ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது. விரோதிகளின் கையில் ஆயுதம் கொடுக்கக் கூடாதென்று மௌனம் சாதித்ததாக அவருடைய நண்பர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். ஸாண்டர்ஸ் படத்தை நிராகரித்த மனிதரிடம் இதைவிட அதிகமாகவே எதிர்பார்க்கலாம். அந்தப் படம் அவருக்குச் சினிமாக் காசைத்தான் நஷ்டப்படுத்தியது. இந்த மௌனம் ஒரு சிநேகிதரைப் பற்றியது.

1950-இல் அமெரிக்க சர்க்கார் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் சுதந்திரத்துக்காக அவர் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு வந்தது, அதற்காகக் கோர்ட்டில் சர்க்கார் கூறிய காரணங்களில் ஒன்று. ரேடியோவும் டெலிவிஷனும் அவரை விலக்கின. கச்சேரி மண்டபங்கள் மூடப்பட்டன. இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தவருடைய வரும்படி சில ஆயிரங்களாகக் குறுகியது. 1952 மே 18-ந் தேதி கானடா எல்லையில், அமெரிக்க மண்ணில் நிறுத்திய ஒரு லாரியின்மேல் நின்று, எல்லைக்கு அப்பால் கூடியிருந்த பல்லாயிரம் பேருக்குப் பாடினார். 1956 ஜூனில் விசாரணைக் கமிட்டி அவரை அழைத்து, ரஷ்யாவிலேயே தங்கிவிடுவதுதானே என்று கேட்டபோது, தம் தந்தை அடிமையாக உழைத்த தேசம் தமக்கும் உரியதென்றும், எவரும் தம்மை அங்கிருந்து விரட்ட முடியாதென்றும் பதிலளித்தார். 1957 அக்டோபரில் நியூயார்க்கில் இருந்தபடியே, கடலடிக் கம்பி வழியாக, வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் விழாவுக்குப் பாடினார்.

1958 ஏப்ரலில் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாட ஏற்பாடாயிற்று. அமெரிக்க ராஜீய அதிகாரிகள் அதைத் தடுக்க முயன்றனர். பிரதம மந்திரி நேரு இணங்காமல், அவரைப் பாராட்டி அறிக்கை வெளியிட்டார். இரண்டு மாதங்களுக்குப் பின், வேறிருவருடைய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பினால் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. எட்டு வருஷங்கள் கடந்திருந்தன. 1959-இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டில் மூன்றாவது தடவையாக ஒதெல்லோவானார். 1960 நவம்பரில் ஸிட்னியில், கட்டி முடியாத ஆபரா மாளிகையின் சாரங்களுக்கிடையே, மதிய உணவு வேளையில் கொத்தனார்களுக்காகப் பாடினார்.

உடலும் மனமும் அதற்கு மேல் தாங்கவில்லை. 1961-இல் மாஸ்கோவில் மனநிலை குலைந்தது. லண்டனில் ஐம்பது தடவைகளுக்கு மேல் மின்சார அதிர்ச்சி சிகிச்சை அளித்தார்கள். 1963 டிஸம்பரில் தாயகம் திரும்பினார். 1965-இல் எஸ்லாண்டா காலமான பிறகு, பிலடெல்பியாவில் சகோதரியின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். 1973-இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நடந்த எழுபத்தைந்தாவது பிறந்த நாள் விழாவுக்கும் அவரால் வர இயலவில்லை. பதிவு செய்த சிறு செய்தியை அனுப்பினார். 1976 ஜனவரி 23-ந் தேதி, எழுபத்தேழாவது வயதில் மரணமடைந்தார். ஹார்லெமில் அவருடைய தமையனார் பாதிரியாராக இருந்த சர்ச்சில் இறுதிச் சடங்கு நடந்தது. கலாசாலைக் கால்பந்தின் கீர்த்தி மண்டபத்தில் அவருடைய பெயரைப் பொறிப்பதற்கு மட்டும் அவர் இறந்து பத்தொன்பது வருஷங்கள் ஆயின. 1995-இல்தான் அதற்கு வேளை வந்தது.